எளிதில் ஆவியாகும் வேதிப்பொருள்களின் குறுங்கால நச்சுத்தன்மையை நன்னீர் முதுகெலும்பிலிகளில் அளவிடுதல்: டொலுயீனும் டாஃப்னியாவும்

ஆய்வுச் சுருக்கம்

நன்னீர் முதுகெலும்பிலிகளில் ஒரு வேதிப்பொருளின் குறுங்கால நச்சுத்தன்மையை அறிவதற்கு டாஃப்னியா இயக்கமிழப்புச் சோதனை உலகெங்கும் பயன்படுத்தப்பட்டு வருகிறது. நீரில் நிலையாகத் தங்கும் பொருள்களுக்கு எளிமையாக அமையும் இச்சோதனை, எளிதில் ஆவியாகும் பொருள்களுக்குச் சிக்கலாகிறது. சோதனை நடைபெறும் 48 மணி நேரத்திற்குள் பொருள் நீரை விட்டுக் காற்றுக்குச் சென்றுவிடுவதால், கலனில் இட்ட அளவும் உயிரி எதிர்கொண்ட அளவும் வேறுபடுகின்றன. இவ்வேறுபாடு எப்போதும் ஒரே திசையில் பிழையை உண்டாக்குகிறது. நச்சுப்பொருளை உள்ளபடியைவிடப் பாதுகாப்பானதாகக் காட்டுகிறது. டொலுயீனை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இப்பிழை தோன்றும் முறை, அதன் பரிமாணம், அதனைத் தவிர்க்கும் சோதனை அமைப்பு, முடிவுகளைக் கணக்கிட்டு வெளியிடும் நெறி ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: டாஃப்னியா, டொலுயீன், ஆவியாதல், பெயரளவுச் செறிவு, அளந்தறிந்த செறிவு, இயக்கமிழப்பு, ஹென்றி மாறிலி.

முன்னுரை

குளம், ஏரி, ஆறு ஆகிய நன்னீர் நிலைகளின் உணவுச் சங்கிலியில் பாசிகளுக்கும் மீன்களுக்கும் இடையே நிற்பவை சிறிய முதுகெலும்பிலிகள். அவற்றுள் நீர்த்தெள்ளு என அழைக்கப்படும் டாஃப்னியா ஓட்டுடலிகள் இனத்தைச் சேர்ந்தது. நீரை வடிகட்டிப் பாசிகளை உண்பதும், மீன்குஞ்சுகளுக்கு உணவாவதும் இதன் இயல்பு. வளர்ப்பதற்கு எளிது, குறுகிய காலத்தில் பெருகுவது, ஆண் துணையின்றியே ஒத்த மரபுடைய பெண்குஞ்சுகளை ஈனுவது. இக்காரணங்களால் இவ்வுயிரி நச்சியல் ஆய்வகங்களில் நிலையான இடம் பெற்றது. தொழிற்சாலைக் கழிவுப்பொருள்களின் நச்சு எல்லைகளை டாஃப்னியா மேக்னா என்னும் இனத்தைக் கொண்டு அறியும் ஆய்வு 1944ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் வெளியாயிற்று.

இன்று இச்சோதனையின் பொது நெறியாகக் கொள்ளப்படுவது பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பின் 202ஆம் எண் வழிகாட்டி நெறியாகும். 1984இல் ஏற்கப்பட்ட இந்நெறி 2004இல் திருத்தப்பட்டது. இதன் வழியே பெறப்படும் ஒற்றை எண், ஒரு வேதிப்பொருளின் கொள்கலனில் எச்சரிக்கைக் குறியீடு இடம்பெற வேண்டுமா, ஆற்றில் அப்பொருள் எவ்வளவு இருந்தால் தீங்கில்லை என்பன போன்ற முடிவுகளுக்கு அடிப்படையாகிறது. ஆகவே அவ்வெண் எதனை அளந்தது என்னும் வினா, ஆய்வகத்தின் உள்விவகாரம் மட்டுமன்று. நீர்நிலையின் பாதுகாப்போடு நேரடியாகத் தொடர்புடையது. எளிதில் ஆவியாகும் பொருள்களைப் பொறுத்தவரை இவ்வினா மேலும் கூர்மை பெறுகிறது.

1. சோதனையின் அடிப்படை அமைப்பு

202ஆம் நெறியின்படி, பிறந்து 24 மணி நேரம் நிறையாத டாஃப்னியா குஞ்சுகள் சோதனைக்குக் கொள்ளப்படுகின்றன. தாயின் முதல் ஈற்றுக் குஞ்சுகள் தவிர்க்கப்படுகின்றன. குறைந்தது ஐந்து செறிவுகள் பெருக்குத் தொடராக அமைக்கப்படும். அடுத்தடுத்த செறிவுகளுக்கு இடையிலான விகிதம் 2.2ஐ மிகாமல் இருப்பது விரும்பத்தக்கது. ஒவ்வொரு செறிவிலும் குறைந்தது 20 குஞ்சுகள், ஐந்தைந்தாக நான்கு கலன்களில் இடப்படும். ஒரு குஞ்சுக்குக் குறைந்தது 2 மி.லி. கரைசல் வேண்டும். வெப்பநிலை 18 முதல் 22 பாகை செல்சியசுக்குள், ஒரு பாகைக்கு மேல் ஏற்ற இறக்கமின்றிக் காக்கப்படும். சோதனைக் காலத்தில் உணவு அளிப்பதில்லை. காற்றுக் குமிழிகளைச் செலுத்துவதும் இல்லை.

24ஆம் மணியிலும் 48ஆம் மணியிலும் குஞ்சுகள் நோக்கப்படுகின்றன. கலனை மெல்ல அசைத்த பின் 15 நொடிகளுக்குள் நீந்த இயலாத குஞ்சு இயக்கமிழந்ததாகக் கொள்ளப்படும். உணர்கொம்பை அசைத்தாலும் நீந்தாவிடில் அது இயக்கமிழந்ததே. ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள உயிரியில் இறப்பை ஐயமின்றி உறுதி செய்வது கடினம் என்பதால் இயக்கமிழப்பு அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. பாதி குஞ்சுகளை இயக்கமிழக்கச் செய்யும் செறிவு அரைவிளைவுச் செறிவு எனப்படும். இச்செறிவு குறையக் குறைய, பொருளின் நச்சுத்தன்மை மிகுதி என்று பொருள்படும்.

சோதனை ஏற்கத்தக்கதாக அமைய இரண்டு நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். வேதிப்பொருள் இடாத ஒப்பீட்டுக் கலன்களில் இயக்கமிழப்பு 10 விழுக்காட்டை மிகுதல் கூடாது. இறுதியில் எல்லாக் கலன்களிலும் கரைந்த ஆக்சிசன் லிட்டருக்கு 3 மி.கி. அளவுக்குக் குறைதல் கூடாது. இவ்விரண்டாம் நிபந்தனை, ஆவியாகும் பொருள்களின் சோதனையில் முதன்மை இடம் பெறுவதைப் பின்னர்க் காணலாம்.

2. பொருள் நீரை விட்டு நீங்கும் முறை

ஒரு பொருள் நீரிலிருந்து எவ்வளவு எளிதாக வெளியேறும் என்பதை அதன் கொதிநிலை மட்டும் உணர்த்துவதில்லை. டொலுயீனின் கொதிநிலை 110.6 பாகை, நீரின் கொதிநிலையைவிடக் கூடுதல். எனினும் நீரிலிருந்து டொலுயீன் விரைந்து வெளியேறுகிறது. நீரோடு அதற்கு ஒட்டுறவு குறைவு என்பதே காரணம். 25 பாகை வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 520 மி.கி. டொலுயீன் மட்டுமே கரையும்.

இப்போக்கை அளந்து கூறுவது ஹென்றி மாறிலி. மூடிய கலனில் நீரும் காற்றும் சமநிலை அடைந்த பின், காற்றிலுள்ள செறிவை நீரிலுள்ள செறிவால் வகுத்துப் பெறும் விகிதமாக அதனைக் கொள்ளலாம். டொலுயீனுக்கு அறை வெப்பநிலையில் அவ்விகிதம் ஏறத்தாழ 0.25 ஆகும். அதாவது, நீரின் ஒவ்வொரு மி.லி.இலும் நான்கு பங்கு டொலுயீன் இருந்தால், அதன் மேலுள்ள காற்றின் ஒவ்வொரு மி.லி.இலும் ஒரு பங்கு இருக்கும்.

இதிலிருந்து எளிய கணக்கு ஒன்றைச் செய்யலாம். 100 மி.லி. கொள்ளளவுள்ள மூடிய புட்டியில் 50 மி.லி. கரைசலை ஊற்றினால், சமநிலையில் டொலுயீனின் 80 விழுக்காடு நீரிலும் 20 விழுக்காடு காற்றிலும் இருக்கும். 20 மி.லி. மட்டும் ஊற்றினால் பாதியே நீரில் எஞ்சும். 90 மி.லி. ஊற்றினால் இழப்பு மூன்று விழுக்காட்டுக்கும் குறைவு. ஆக, மூடியிருப்பது மட்டும் போதாது. மூடிக்குக் கீழே எவ்வளவு காற்று உள்ளது என்பதும் விளைவை முடிவு செய்கிறது.

ஹென்றி மாறிலி மிக உயர்ந்த பொருள்களில் இவ்விளைவு இன்னும் கடுமையாகும். ஹெக்சேனின் விகிதம் ஏறத்தாழ 70. 100 மி.லி. நீர் நிறைந்த புட்டியில் 1 மி.லி. காற்றுக் குமிழி ஒன்று தங்கிவிட்டாலும், ஹெக்சேனில் ஏறத்தாழ 40 விழுக்காடு அக்குமிழிக்குள் சென்றுவிடும். கண்ணுக்குப் பொருட்டாகத் தோன்றாத குமிழி சோதனையைப் பொருளற்றதாக்கும் என்பதை இக்கணக்கு உணர்த்துகிறது.

திறந்த கலனில் சமநிலை என்பதே இல்லை. மேற்பரப்பிலிருந்து வெளியேறும் ஆவி அறைக்காற்றில் கலந்துவிடுவதால் இழப்பு இடையறாது தொடரும். நீரின் ஆழம் குறைவாகவும் மேற்பரப்பு அகலமாகவும் இருந்தால் இழப்பு விரையும். சிறிதளவு கரைசலை அகன்ற முகவையில் ஊற்றிச் செய்யும் வழக்கமான டாஃப்னியா சோதனை, ஆவியாதலுக்கு மிகவும் ஏற்ற வடிவம் கொண்டது என்பது கருதத்தக்கது. வெப்பநிலை உயர்ந்தால் ஹென்றி மாறிலியும் உயரும். ஆகவே வெப்பநாட்டு ஆய்வகங்களில் குளிரூட்டிய அறையை விட்டு வெளியே கரைசல் தயாரிக்கப்படுமாயின், சோதனை தொடங்கும் முன்பே ஒரு பகுதி இழக்கப்பட்டிருக்கும்.

3. பிழையின் திசையும் பரிமாணமும்

அளவீட்டில் நேரும் பிழைகள் பெரும்பாலும் இருபுறமும் சிதறுபவை. சில மிகையாகவும் சில குறைவாகவும் அமைந்து, மீண்டும் மீண்டும் சோதிக்கும்போது ஒன்றையொன்று ஈடுசெய்யக்கூடியவை. ஆவியிழப்பால் நேரும் பிழை அத்தகையதன்று. கலனில் இட்ட அளவாகிய பெயரளவுச் செறிவைக் கொண்டு கணக்கிடும்போது, உயிரி எதிர்கொண்ட உண்மைச் செறிவு எப்போதும் அதைவிடக் குறைவாகவே இருக்கும். எனவே கணக்கிட்ட அரைவிளைவுச் செறிவு எப்போதும் உயர்ந்தே தோன்றும். சோதனையை நூறு முறை செய்தாலும் இப்பிழை சராசரியில் மறையாது. மாறாக, ஒத்த முடிவுகள் பல கிடைத்தன என்னும் தவறான நம்பிக்கையை வளர்க்கும்.

டொலுயீனைப் பற்றிய வெளியீடுகள் இதற்குச் சான்றாகின்றன. 1980இல் வெளியான ஓர் ஆய்வு, டாஃப்னியா மேக்னாவுக்கு 48 மணி நேர அரைச்சாவுச் செறிவு லிட்டருக்கு 310 மி.கி. எனக் குறித்தது. அது அளந்தறியாத, பெயரளவுச் செறிவை அடிப்படையாகக் கொண்ட மதிப்பாகும். 1998இல் வெளியான மற்றோர் ஆய்வு, நெருங்கிய உறவுடைய செரியோடாஃப்னியா டூபியா இனத்திற்கு லிட்டருக்கு 3.78 மி.கி. எனக் கண்டது. இரண்டிற்கும் இடையே எண்பது மடங்கு வேறுபாடு உள்ளது. இனங்கள் வேறு என்பதால் இவ்வேறுபாடு முழுவதையும் ஆவியிழப்பின் கணக்கில் எழுதுதல் பொருந்தாது.

எனினும் மூன்றாவதாக, சோதனையைச் சாராத ஓர் அளவுகோல் உண்டு. டொலுயீன் போன்ற முனைவற்ற கரிமப் பொருள்கள் உயிரணுச் சவ்வுகளில் கரைந்து பொது மயக்கத்தை உண்டாக்குபவை. அவற்றின் நச்சுத்தன்மையை, நீரைவிட்டுக் கொழுப்பை நாடும் போக்கைக் காட்டும் ஆக்டனால்–நீர் பங்கீட்டுக் கெழுவிலிருந்து கணிக்க இயலும். ஐரோப்பிய ஒன்றியத்தின் இடர் மதிப்பீட்டு வழிகாட்டி டாஃப்னியாவுக்குத் தரும் சமன்பாடு வருமாறு: லிட்டருக்கு மோல் அலகில் அரைவிளைவுச் செறிவின் மடக்கை, பங்கீட்டுக் கெழுவின் மடக்கையை 0.95ஆல் பெருக்கி எதிர்க்குறியிட்டு, அதிலிருந்து 1.32ஐக் கழித்துப் பெறும் எண்ணுக்குச் சமம். டொலுயீனின் பங்கீட்டுக் கெழுவின் மடக்கை 2.73, மூலக்கூறு எடை 92.14. இவற்றை இட்டால் லிட்டருக்கு ஏறத்தாழ 11 மி.கி. என்னும் விடை கிடைக்கிறது.

இக்கணிப்பு பொது மயக்கத்தால் விளையும் அடிப்படை நச்சைக் குறிக்கிறது. ஒரு பொருள் வேறு வழிகளில் கூடுதல் நச்சுடையதாக இருக்கலாம். ஆனால் நீரில் நன்கு கரைந்து உயிரியை அடையும் முனைவற்ற பொருள் இவ்வடிப்படையை விடப் பன்மடங்கு குறைந்த நச்சுடையதாக இருப்பதற்குக் காரணம் காண்பது அரிது. ஆகவே 310 மி.கி. என்னும் மதிப்பு, கணிப்பைவிட ஏறத்தாழ 28 மடங்கு உயர்ந்திருப்பது, உயிரியின் தாங்குதிறனைக் காட்டிலும் செறிவின் இழப்பையே ஐயுறச் செய்கிறது.

இவ்வேறுபாட்டின் விளைவு நடைமுறையில் பெரிது. வேதிப்பொருள்களை வகைப்படுத்திப் பெயரிடும் உலகளாவிய ஒருங்கிசைவு முறையில், குறுங்கால நீர்வாழ் நச்சுத்தன்மை மூன்று வகைகளாகப் பிரிக்கப்படுகிறது. அரைவிளைவுச் செறிவு லிட்டருக்கு 1 மி.கி. வரை இருந்தால் முதல் வகை. 1க்கு மேல் 10 வரை இரண்டாம் வகை. 10க்கு மேல் 100 வரை மூன்றாம் வகை. 3.78 என்னும் மதிப்பு இரண்டாம் வகையிலும், 11 என்னும் கணிப்பு மூன்றாம் வகையிலும் அடங்கும். 310 எந்த வகையிலும் அடங்காது. ஒரே பொருள், மூடி இல்லாத கலனால் ‘வகைப்படுத்தத் தேவையற்றது’ என்று கருதப்பட்டுவிடக்கூடும். பாசி, முதுகெலும்பிலி, மீன் ஆகிய மூன்றின் குறுங்கால மதிப்புகளுள் மிகச் சிறியதை 1000ஆல் வகுத்து நீர்நிலைக்குத் தீங்கற்ற அளவை மதிப்பிடும் வழக்கத்திலும் இப்பிழை அப்படியே தொடரும்.

4. சோதனை அமைப்பு: கலனும் கரைசலும்

ஆவியாகும் பொருளுக்குரிய முதல் விதி, காற்றுவெளியற்ற முழுநிறைவான மூடிய கலன். 202ஆம் நெறியே இதனை வலியுறுத்துகிறது. சோதிக்கக் கடினமான பொருள்களுக்கென அதே அமைப்பு 2000இல் வெளியிட்டு 2019இல் திருத்திய 23ஆம் எண் வழிகாட்டி ஆவணம் இதற்குரிய நுட்பங்களை விரிவாகக் கூறுகிறது.

கலன் கண்ணாடியாலானதாக இருத்தல் வேண்டும். நெகிழியும் ரப்பரும் டொலுயீன் போன்ற பொருள்களை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் மூடியின் உட்புறம் டெஃப்லான் பூச்சுடையதாக இருப்பது நன்று. ஆவியிழப்பைத் தடுக்க இடப்பட்ட ரப்பர் மூடியே பொருளை விழுங்குமாயின் பயன் இல்லை.

மூலக்கரைசலைத் தயாரிக்கும் முறையிலும் இதே கவனம் தேவை. நீர் முழுதும் நிரம்பிய கண்ணாடிப் புட்டியில், ஊசி முனை நீர்ப்பரப்பின் கீழ் இருக்குமாறு ஊசிக்குழல் வழியே பொருளைச் செலுத்தி, உடனே மூடி, காந்தக் கலக்கியால் மெல்லச் சுழற்றிக் கரைத்தல் வேண்டும். வேகமாகக் கலக்கினால் சுழியும் குமிழியும் தோன்றும். கரையாத துளிகளும் நீரில் சிதறி நிற்கும். கரையாத துளி டாஃப்னியாவின் மேலோட்டில் ஒட்டினால் விளைவது நச்சு விளைவன்று, உடல்சார் இடையூறு. கரைசல் முற்றும் தெளிந்த பின், அடியிலிருந்து வடிகுழாய் வழியே, வீழ்ச்சியும் குமிழியும் இன்றிக் கலன்களுக்கு மாற்றப்படும். ஒரு முகவையிலிருந்து மற்றொரு முகவைக்கு ஊற்றும் எளிய செயலே கணிசமான இழப்புக்கு வழிகோலும்.

கரைதிறனைக் கூட்டுவதற்காக எத்தனால், அசிட்டோன் போன்ற துணைக்கரைப்பான்களைச் சேர்ப்பது இயன்றவரை தவிர்க்கப்பட வேண்டும். சேர்த்தே தீர வேண்டின் லிட்டருக்கு 0.1 மி.லி. என்னும் அளவை மிகுதல் கூடாது. கரைப்பான் மட்டும் கொண்ட தனி ஒப்பீட்டுக் கலன்களும் வைக்கப்பட வேண்டும். மூடிய கலனில் துணைக்கரைப்பான் நுண்ணுயிரிகளுக்கு உணவாகி ஆக்சிசனைக் குறைக்கும் என்பது கூடுதல் காரணம்.

குஞ்சுகளை அகன்ற வாயுள்ள கண்ணாடிக் குழாயியால், மிகச் சிறிதளவு நீருடன், பரப்பின் கீழே விடுதல் வேண்டும். பரப்பின் மேல் விடப்படும் குஞ்சின் ஓட்டுக்கடியில் காற்று புகுந்து அது மிதக்கத் தொடங்கும். மிதக்கும் குஞ்சு நச்சால் இயக்கமிழந்த குஞ்சைப் போலவே தோற்றமளிக்கும். பின்னர் கரைசல் சற்றே வழியுமாறு நிரப்பி மூடி, கலனைத் தலைகீழாகத் திருப்பிக் குமிழி இல்லை என்பதை உறுதி செய்தல் வேண்டும். 24ஆம் மணி நோக்கல் கலனைத் திறவாமலே, மெல்லச் சாய்த்து, கண்ணாடி வழியே நடைபெறும்.

5. ஆக்சிசன்: மூடுதலின் விலை

ஆவியை உள்ளே தடுக்கும் மூடி, ஆக்சிசனை வெளியே தடுக்கிறது. இங்கு ஒரு பிழையைத் தவிர்க்கப்போய் எதிர்த்திசைப் பிழைக்கு இடம் தரும் வாய்ப்பு உண்டு. ஆக்சிசன் குறைவால் குஞ்சுகள் சோர்ந்தால், பொருள் உள்ளதைவிட நச்சு மிக்கதாகத் தோன்றும்.

20 பாகையில் காற்றோடு சமநிலையிலுள்ள நன்னீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 9.1 மி.கி. ஆக்சிசன் இருக்கும். உணவின்றி இருக்கும் ஐந்து குஞ்சுகள் இரு நாள்களில் உட்கொள்ளும் ஆக்சிசன் மிகச் சிறிது. போதிய கொள்ளளவுள்ள கலனில் அதனால் இடர் நேர்வதில்லை. உண்மையான போட்டி நுண்ணுயிரிகளிடமிருந்து வருகிறது. ஒரு மூலக்கூறு டொலுயீனை முற்றிலும் சிதைக்க ஒன்பது மூலக்கூறு ஆக்சிசன் தேவை. எடையில் கணக்கிட்டால் ஒரு மி.கி. டொலுயீனுக்கு ஏறத்தாழ 3.1 மி.கி. ஆக்சிசன். லிட்டருக்கு 2 மி.கி. டொலுயீனை நுண்ணுயிரிகள் முழுவதும் சிதைத்தால் 6.3 மி.கி. ஆக்சிசன் செலவாகி, 3 மி.கி. என்னும் ஏற்பு எல்லைக்குக் கீழே நீர் இறங்கிவிடும். அதே வேளையில் டொலுயீனின் செறிவும் குறைந்திருக்கும். ஆவியாதல் முற்றிலும் தடுக்கப்பட்ட கலனிலும் செறிவு குறையக்கூடும் என்பதை இது காட்டுகிறது.

இதற்குரிய தீர்வுகள் எளியவை: கலன்களைத் தூய்மையாக்கி வெப்பத்தால் நுண்ணுயிர் நீக்குதல், கரிமச் சத்து குறைந்த செயற்கை நீரைப் பயன்படுத்துதல், நீரைச் சோதனைக்கு முன் காற்றோடு நன்கு சமநிலைப்படுத்தல், குஞ்சுகளோடு வளர்ப்பு நீரையும் உணவுப் பாசியையும் கொண்டுவராதிருத்தல், தேவையெனில் பெரிய கலனைக் கொள்ளுதல். இறுதியில் ஒவ்வொரு செறிவிலும் ஆக்சிசனை அளந்து அறிக்கையில் தருதல் வேண்டும்.

6. செறிவை அளத்தலும் கணக்கிடலும்

கலனை எவ்வளவு கவனமாக மூடினாலும், நீரிலுள்ள செறிவை அளந்தறியாமல் ஆவியாகும் பொருளின் சோதனை முற்றுப்பெறுவதில்லை. குறைந்த அளவாக, மிக உயர்ந்த செறிவிலும் மிகத் தாழ்ந்த செறிவிலும், தொடக்கத்திலும் முடிவிலும் அளத்தல் வேண்டும். எல்லாச் செறிவுகளிலும் அளப்பதே சிறந்தது. அளவீட்டுக்காகத் திறந்த கலன் மீண்டும் சோதனைக்குப் பயன்படாது. ஆகவே ஒவ்வொரு நேரப் புள்ளிக்கும் தனிக்கலன்களைக் கூடுதலாக அமைக்க வேண்டும். மாதிரியைக் கண்ணாடி ஊசிக்குழலால் எடுத்து உடனடியாக மூடிய சிறுகுப்பிக்கு மாற்றி, அதன் மேல்வெளி ஆவியை வாயு நிறப்பிரிகைக் கருவியால் பகுத்தல் வழக்கமான முறையாகும்.

அளந்த செறிவு தொடக்க நிலையிலிருந்து 20 விழுக்காட்டுக்கு மேல் விலகாதிருப்பின், பெயரளவுச் செறிவையோ தொடக்கத்தில் அளந்த செறிவையோ அடிப்படையாகக் கொள்ளலாம். அதற்கு மேல் விலகினால் காலநிறை சராசரியைக் கொள்ளுதல் வேண்டும். பொருள் எஞ்சியுள்ள அளவுக்கேற்ற விகிதத்தில் சீராகக் குறையும்போது, தொடக்க, இறுதிச் செறிவுகளின் வேறுபாட்டை அவற்றின் இயல் மடக்கைகளின் வேறுபாட்டால் வகுத்தால் காலநிறை சராசரி கிடைக்கும்.

ஒரு கற்பனைக் கணக்கு இதன் பொருளைத் தெளிவாக்கும். திறந்த கலனில் லிட்டருக்கு 40 மி.கி. டொலுயீன் இடப்பட்டு, ஒவ்வொரு 6 மணி நேரத்திலும் பாதியாகக் குறைகிறது எனக் கொள்வோம். 48 மணியில் எட்டு முறை பாதியாகி, 256இல் ஒரு பங்கே, அதாவது 0.16 மி.கி. எஞ்சும். இக்கலனில் பாதி குஞ்சுகள் இயக்கமிழந்தன என்றால் அரைவிளைவுச் செறிவு எவ்வளவு? பெயரளவின்படி 40. காலநிறை சராசரியின்படி 7.2. தொடக்க, இறுதி மதிப்புகளின் பெருக்குச் சராசரியின்படி 2.5. ஒரே கலன், ஒரே குஞ்சுகள், மூன்று விடைகள்.

இம்மூன்றில் எது சரி என்னும் வினாவுக்கு அக்கலனிலிருந்து விடை பெற இயலாது. டாஃப்னியா குஞ்சு மிகச் சிறியது. டொலுயீன் அதன் உடலில் விரைந்து சமநிலை அடையும். முதல் சில மணி நேரத்தில் உயர்ந்த செறிவாலேயே குஞ்சு இறந்திருந்தால், 7.2 என்னும் சராசரி நச்சை மிகைப்படுத்துகிறது. மாறாக, மயக்க விளைவு மீளக்கூடியது. தொடக்கத்தில் மயங்கிய குஞ்சு, செறிவு குறைந்தபின் தெளிந்து 24ஆம் மணியில் நீந்திக்கொண்டிருக்கலாம். அப்போது நச்சு குறைத்து மதிக்கப்படும். சராசரி என்பது இழப்பை ஏற்றுக்கொண்டு செய்யும் திருத்தமேயன்றி, இழப்பைத் தடுப்பதற்கு மாற்றாகாது. முதல் சில மணி நேரத்திலும் ஒருமுறை குஞ்சுகளை நோக்கிக் குறித்துக்கொள்வது, இவ்விரு நிலைகளையும் பிரித்தறிய உதவும்.

7. மூடிய கலன் போதாத இடங்களில்

மூடிய கலனிலும் செறிவு நிலைபெறாத பொருள்களுக்கு மூன்று மாற்று வழிகள் உள்ளன. முதலாவது, 24 மணிக்கு ஒருமுறை புதிய கரைசலுக்குக் குஞ்சுகளை மாற்றும் இடைப்புதுப்பிப்பு முறை. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பழைய, புதிய கரைசல்கள் இரண்டையும் அளத்தல் வேண்டும். இரண்டாவது, புதிய கரைசல் தொடர்ந்து வந்துகொண்டிருக்கும் ஓட்டநீர் முறை. செலவும் கழிவும் மிகுந்தது. மூன்றாவது, பொருளை முன்னரே ஏற்றிய சிலிகோன் துண்டைக் கலனில் இடும் செயலறு வழங்கல் முறை. நீரில் குறையும் அளவைச் சிலிகோன் தானே ஈடு செய்வதால் செறிவு நிலைபெறும். எனினும் காற்றுவெளி இம்முறையிலும் குறைவாகவே இருத்தல் வேண்டும்.

எந்த முறையைக் கொண்டாலும், குஞ்சுகளின் உணர்திறன் இயல்பாக உள்ளதா என்பதை பொட்டாசியம் டைகுரோமேட்டைக் கொண்டு அவ்வப்போது சோதித்தல் நன்று. டாஃப்னியா மேக்னாவுக்கு அதன் 24 மணி அரைவிளைவுச் செறிவு லிட்டருக்கு 0.6 முதல் 2.1 மி.கி. வரை அமைதல் வேண்டும். ஆனால் டைகுரோமேட் ஆவியாகாத உப்பு. இச்சோதனையில் தேறுவது குஞ்சுகளின் நலத்தைக் காட்டுமேயன்றி, கலனின் மூடியை உறுதிப்படுத்தாது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுதல் கூடாது.

8. வெளியான மதிப்புகளைப் படிக்கும் நெறி

ஆய்வாளர்கள் புதிய சோதனை செய்வதைவிட, வெளியான மதிப்புகளை எடுத்தாள்வதே மிகுதி. ஆவியாகும் பொருளின் மதிப்பொன்றை எடுத்தாளும் முன் கேட்க வேண்டிய வினாக்கள் சில உள்ளன. செறிவு அளக்கப்பட்டதா, பெயரளவா? கலன் மூடியதா, காற்றுவெளி எவ்வளவு? இறுதிச் செறிவும் ஆக்சிசனும் தரப்பட்டுள்ளனவா? மதிப்பு, பொருளின் நீர்க்கரைதிறனுக்குக் கீழே உள்ளதா? பங்கீட்டுக் கெழுவிலிருந்து பெறும் கணிப்போடு ஒத்துள்ளதா? 310 மி.கி. என்னும் டொலுயீன் மதிப்பு கரைதிறன் வினாவில் தேறுகிறது. செறிவு அளத்தல் வினாவிலும் கணிப்பு வினாவிலும் தவறுகிறது. ஒரு வினாவில் தேறியதைக் கொண்டு மட்டும் ஒரு மதிப்பை ஏற்பது போதாது என்பதற்கு இதுவே சான்று.

முடிவுரை

டாஃப்னியா இயக்கமிழப்புச் சோதனை எளிமையானது. அவ்வெளிமை, பொருள் நீரில் தங்கும் என்னும் எடுகோளின் மேல் நிற்கிறது. எளிதில் ஆவியாகும் பொருள்களில் அவ்வெடுகோள் பொய்க்கிறது. அப்போது சோதனை அளப்பது உயிரியின் தாங்குதிறனை மட்டுமன்று. கலனின் வடிவத்தையும் மூடியையும் சேர்த்தே அளக்கிறது. இதனால் நேரும் பிழை ஒரு திசையில் மட்டும் செல்வது, மீள்சோதனையால் மறையாதது, நச்சுப்பொருளுக்குச் சாதகமானது. டொலுயீனில் அது, எச்சரிக்கைக் குறியீடு பெறவேண்டிய பொருளை வகைப்பாட்டுக்கு வெளியே நிறுத்தும் அளவுக்குப் பெரிதாகக் கூடும்.

காற்றுவெளியற்ற கண்ணாடிக் கலன், பரப்பின் கீழ்ச் செலுத்திய கரைசல், இறுதிவரை காக்கப்பட்ட ஆக்சிசன், தொடக்கத்திலும் முடிவிலும் அளந்த செறிவு ஆகிய நான்கும் அமைந்த சோதனையே எடுத்தாளத்தக்க மதிப்பைத் தரும். இவற்றுள் மூன்று அமைந்து, செறிவு மட்டும் அளக்கப்படாதிருப்பின், பெறப்பட்ட எண் கலனில் இட்டதைக் கூறுமேயன்றி, குஞ்சு எதிர்கொண்டதைக் கூறாது.